உடன் வசிப்பவர்கள்: யாருமில்லை

அரசு வேலைக்கான முன்வரலாற்றுப் படிவத்தில் முதல் பதினான்கு கேள்விகளுக்கும் சுகந்தி மளமளவென்று பதில் எழுதிவிட்டாள். பெயர், தகப்பனார் பெயர், கணவர் பெயர், படித்த பள்ளி, கடந்த ஐந்தாண்டுகளில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்த முகவரிகள், அந்த முகவரிகளுக்கு உரிய காவல் நிலையம். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்டதுண்டா? இல்லை, இல்லை, இல்லை. முப்பத்தாறு வயதாகிறது, அரசாங்கத்துக்குச் சொல்ல நம்மிடம் இந்த மூன்று ‘இல்லை’தான் இருக்கிறதா என்று அவளுக்கே கொஞ்சம் சப்பென்றிருந்தது.

பதினைந்தாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

‘கனவில் முப்பது முறைக்கு மேல் தங்கியிருந்த இடங்கள் இருப்பின், முழு முகவரி, தங்கிய காலம், உடன் வசிப்பவர்கள், அங்கு தங்களை நன்கு அறிந்த பொறுப்புள்ள இருவர் ஆகிய விவரங்களைத் தருக.’

தூக்கப்பட்டை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நெற்றியில் கட்டிக்கொள்கிற சாதாரணத் துணிப்பட்டைதான். தூக்கம் வராதவர்களுக்கென்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது, போகப் போக மிக்ஸி மாதிரி எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டிக்கொண்டு படுத்தால் நல்ல தூக்கம். கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. பட்டை கட்டியவர்கள் கனவில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகத் தொடங்கினார்கள். நேற்று விட்ட இடத்தில் இன்று தொடர்ந்தது. எழுந்த பிறகும் மறக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அரசாங்கம் கண்டுகொண்டிருக்காது. கருவூலத்தில் ஒரு மகானுபாவன் இரும்புப் பெட்டியைத் திறப்பதற்குக் கனவில் நானூறு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, ஒரு நாள் பட்டப்பகலில் நிஜமாகவே திறந்துவிட்டான். அதன் பிறகு வந்ததுதான் இந்தப் பதினைந்தாவது கேள்வி.

பொய் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று பட்டைக்குத் தெரியாது. ஆனால் ஒரே இடத்துக்கு எத்தனை முறை போனாய் என்ற எண்ணிக்கை அதில் பதிந்திருக்கும். படிவத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: உண்மையை மறைத்தால் தேர்வு ரத்து.

சுகந்திக்கு இது ஐந்தாவது தேர்வு. வயது வரம்பின்படி கடைசியும் இதுதான். அடுப்பில் குழம்பு கொதிக்க ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பொது அறிவுப் புத்தகமுமாக ஏழு வருஷம் படித்துத் தேறியிருக்கிறாள். தன் பெயருக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு வருகைப் பதிவேடு. அது வேண்டும் அவளுக்கு. கேட்டால் வெட்கப்படாமல் சொல்வாள்.

அந்த வீடும் வேண்டும்.

அது ஒரு மாடி அறை. கீழே எப்போதும் சாத்தியிருக்கும் ஒரு கடை. கடைக்குப் பக்கவாட்டில் ஏறும் படிகள். அவள் இருப்பது துறையூரில், துறையூருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்த மாடி ஜன்னலைத் திறந்தால் பெருமாள் மலைக்குப் பின்னால் கடல் தெரியும். அலையடிக்காத, சத்தமில்லாத கடல். எப்போது போனாலும் அங்கே சாயங்காலம் நாலு மணி. அப்போதுதான் மழை விட்டிருக்கும். ஒரு பச்சை நாற்காலி, ஒரு பாய், ஒரு தம்ளர். அடுப்பு கிடையாது, கடிகாரம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் நடக்காது. யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். ஒன்பது வருஷமாக, கண்ணை மூடினால் அங்கேதான்.

எழுதினாள். முகவரி: கதவு எண் இல்லை, சாத்திய கடைக்கு மேல்மாடி. காவல் நிலையம்: தெரியவில்லை. தங்கிய காலம்: ஒன்பது ஆண்டுகள். உடன் வசிப்பவர்கள்: யாருமில்லை. பொறுப்புள்ள இருவர்: இல்லை.

நான்காம் பக்கத்தில் கணவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இளமாறன் அரசு டவுன் பஸ் கண்டக்டர். காலை டூட்டி முடித்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து படிவத்தைப் படித்தான். பதினைந்தாவது கேள்வியை மட்டும் இரண்டு முறை படித்தான்.

“யாருமில்லைன்னு போட்டிருக்க.”

“ஆமாங்க.”

“அப்ப நான்?”

அவள் பேனாவின் மூடியைத் திருகினாள்.

“சரி, நான் வேணாம். பாப்பாவாவது இருக்காளா அங்க?”

மகிழினிக்கு அப்போது பத்து வயது. அடுத்த அறையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சுகந்தி இல்லை என்று தலையசைத்தாள்.

“ஒன்பது வருஷம்! நமக்குக் கல்யாணமாகிப் பன்னெண்டு. என் பொண்டாட்டிக்குத் தனியா ஒரு வீடு இருக்குன்னு எனக்கே கவர்ன்மென்ட்காரன் கேட்டுத்தான் தெரிய வேண்டியிருக்கு. இங்க உனக்கு என்ன குறை வெச்சேன்? சொல்லு.”

“ஒரு குறையும் இல்லைங்க. சத்தியமா.”

“அப்புறம் எதுக்கு அது?”

அதைத்தான் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் மேல் கோபமில்லை, பிள்ளை மேல் சலிப்பில்லை. யாரும் கூப்பிடாத ஓர் இடம், அவ்வளவுதான். இதை எந்தப் புருஷனிடம் எப்படிச் சொன்னாலும் விபரீதமாகத்தானே கேட்கும்?

இளமாறன் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் தேவலாம். மூன்று நாள் சாம்பாரில் உப்பு கூட, குறைய என்று ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். சோறு போடப் போனால், “போதும்மா, நன்றி” என்றான். கட்டின பெண்டாட்டியிடம் நன்றி! நாலாம் நாள் காலையில் படிவம் மேசை மேல் இருந்தது, கையெழுத்தோடு.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. மாவட்ட முன்வரலாற்று அலுவலகம், திருச்சி, முற்பகல் பதினொரு மணி. பச்சைத் திரை போட்ட ஓர் அறை, இரண்டு இரும்புக் கட்டில்கள், நடுவில் காவலுக்கு ஒரு பெண் போலீஸ் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு. விசாரணை அதிகாரி ஏட்டு ஆரோக்கியராஜ். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த மீசை, கையில் நோட்டு. பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஜோடியாக வைத்துவிட்டு நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டார். அவருடைய பட்டைக்கும் இவளுடைய பட்டைக்கும் நடுவே ஒரு கறுப்பு ஒயர்.

“பயப்படாதீங்கம்மா. ரெண்டு பேரும் தூங்குவோம். நீங்க உங்க வீட்டுக்குப் போங்க, நான் பின்னாலயே வந்துடுவேன். சுத்திப் பாப்பேன், நாலு கேள்வி கேப்பேன், கெளம்பிடுவேன். ஒண்ணே ஒண்ணுதான்.” அவர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். “விசாரணைக்கு வர்றவருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணிகூட.”

“ஏங்கய்யா?”

“வெளிய ஒருத்தருக்கு ஒரு வாய் தண்ணி கொடுத்தா அது அதோட போச்சு. உள்ள அப்படி இல்ல. சும்மா வந்துட்டுப் போறவன் உங்க மனசுல ரெண்டு நாள்ல அழிஞ்சிடுவான். கை நனைச்சவன் அழிய மாட்டான். விருந்தாளின்னு மனசு எழுதி வெச்சுக்கும். அப்புறம் நான் எந்திரிச்சு வந்தாலும் அங்கயேதான் இருப்பேன். புரியுதா?”

“புரியுதுங்க. கொடுக்க அங்க ஒண்ணும் இல்லவும் இல்ல.”

“நல்லதாப் போச்சு” என்று ஏட்டு கண்ணை மூடினார்.

நாலு மணி வெயில் ஈரத் தரையில் விழுந்துகிடந்தது. சுகந்தி ஜன்னலைத் திறந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்பது வருஷத்தில் அந்தப் படியில் கேட்ட முதல் காலடி. ஏட்டு வாசலில் நின்று, வெறுங்காலை மிதியடி இல்லாத தரையில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரே நாற்காலி. அவள் எழுந்து நின்றுகொண்டு அவரை உட்காரச் சொன்னாள். அவர் கூச்சத்தோடு விளிம்பில் உட்கார்ந்தார்.

“இந்தக் கடல் எந்த ஊர்க் கடல்?”

“தெரியாதுங்க.”

“கீழ கடையில என்ன விக்கறாங்க?”

“திறந்து பாத்ததில்லைங்க.”

“அக்கம்பக்கம்?”

“யாருமில்ல.”

“யாராவது வருவாங்களா? கூட்டம் கீட்டம், பேச்சு வார்த்தை?”

“நான் மட்டும்தான் ஐயா. உக்காந்திருப்பேன்.”

“சும்மாவா?”

“சும்மா.”

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கு விசாரணை மறந்தே போனது மாதிரி இருந்தது. பிறகு நோட்டை மூடினார். “எல்லாம் ஒழுங்கா இருக்கும்மா. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடறேன். வேலை கெடைச்ச மாதிரிதான். வரட்டுமா?”

வேலை கிடைத்த மாதிரிதான்! சுகந்திக்கு நெஞ்சு பூரித்துப்போனது. நல்ல சேதி சொன்ன மனுஷர், வீடு தேடி வந்தவர், வெறும் வாயோடு எழுந்து போகிறார். பிறந்ததிலிருந்து அவள் அப்படி ஒருவரையும் அனுப்பியதில்லை. யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்கய்யா.”

கனவில் சொன்னால் சொன்னதுதான். மூலையில் அடுப்பு வந்துவிட்டது. அடுப்பில் பால். அவள் கையில் டபரா, தம்ளர், நுரை, மணம். ஏட்டு வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவரும் நம்மூர்க்காரர்தானே? ஆவி பறக்கும் காபியை நீட்டிய கையை அவரும் இதுவரை மறுத்ததில்லை. வாங்கி ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயையோ” என்றார் ஏட்டு.

வேலைக்கான உத்தரவு இருபது நாளில் வந்தது. பணியிடமும் அதே முன்வரலாற்று அலுவலகம்தான், வரும் படிவங்களைப் பதிந்து விசாரணைக்குத் தேதி போடும் பிரிவு. துறையூரிலிருந்து தினம் பஸ். மகிழினி தெரு முழுக்க அம்மா ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இளமாறன்கூட ஸ்வீட் வாங்கி வந்து டிப்போவில் கொடுத்தான். அந்த வீட்டைப் பற்றி மட்டும் அவன் அப்புறம் பேசவே இல்லை. எப்போதாவது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், “என்ன, மாடிக்குப் போயிட்டியா?” என்பான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான். ஆனாலும் குத்தும்.

மாடியில் இப்போது ஏட்டு இருந்தார்.

கண்ணை மூடி அவள் போகும்போதெல்லாம் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “வாங்கம்மா” என்று அவளுடைய வீட்டுக்கே அவளை வரவேற்றார். வந்தவருக்குக் காபி கொடுக்காமல் முடியுமா? அடுப்பு நிரந்தரமாகிவிட்டது. அடுப்பு இருந்தால் பால் பாத்திரம் வரும், பாத்திரம் இருந்தால் கழுவத் தொட்டி வரும். இரண்டாவது நாற்காலி ஒன்று வந்தது. சுவரில் ஒரு கடிகாரம் வந்தது, நாலு மணி நாலரையாயிற்று. ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தால் பின்னாலிருந்து மெதுவாக, மரியாதையாக, “அம்மா, கொஞ்சம் தண்ணி” என்று ஒரு குரல் வரும். அவளைக் கூப்பிட அங்கேயும் ஓர் ஆள் வந்தாயிற்று. கடல் அப்படியே இருந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

முதலில் அவள் அது தன் மனசின் வேலை என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் அலுவலக வராந்தாவில் ஆரோக்கியராஜ் எதிரில் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், “தப்பா நெனைக்காதீங்கம்மா, காபியில சக்கரையைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. எனக்குச் சுகர்” என்றார்.

சுகந்தி கையிலிருந்த கோப்பு நழுவிவிட்டது. “அப்ப நிஜமாவே நீங்கதானா?”

“பின்ன வேற யாரு? நான் என்ன வேணும்னா வர்றேன்? பதினேழு வீட்டுல கை நனைச்சிருக்கேன். பதினேழுலயும் உக்காந்திருக்கேன். கண்ணை மூடினா ஒரே நேரத்துல பதினேழு நாற்காலி. சில வீட்டுல டீ, ஒரு வீட்டுல கூழு.” அவர் கோப்பை எடுத்துக் கொடுத்தார். “எனக்குன்னும் ஒரு இடம் இருந்துச்சும்மா. ஒரு கெணத்தடி, தொவைக்கிற கல்லு. அங்க போய் ஆறு வருஷம் ஆச்சு. வழி தெரியல.”

அதற்குப் பிறகு அந்த மனுஷர் மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கலாமா என்றால், அரசு ஊழியர் அப்படித் தூங்கக் கூடாது என்று விதி இருந்தது. சில நாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா நிற்பாள். ஒரு வீட்டுக்கு ஈடாக அவளுக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிஷம்தான். அழுகை வரும், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள்.

ஒரு வருஷம் போனது. புதிதாகச் சேர்பவர்கள் மட்டுமல்ல, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் படிவம் நிரப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அவர்களுக்குக் கணவன் மனைவி கையெழுத்து தேவையில்லை. நேராக அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். மூட்டை மூட்டையாகப் படிவங்கள் வந்து இறங்கின.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டு வந்த சுகந்தியின் கை நின்றது. ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய, ஒரு பக்கமாகச் சாய்ந்த கையெழுத்து. பெயரைப் பார்க்கவே தேவையில்லை. தன் புருஷன் கையெழுத்து தெரியாதா?

பதினைந்தாவது கேள்விக்கு அவன் எழுதியிருந்தான். முகவரி: பச்சமலை அடிவாரம், வயல் நடுவே நிற்கும் பேருந்து, கடைசி இருக்கை, ஜன்னலோரம். காவல் நிலையம்: தெரியாது. தங்கிய காலம்: பதினொரு ஆண்டுகள்.

உடன் வசிப்பவர்கள்: யாருமில்லை.

அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். அடப்பாவி மனுஷா! மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாயே! பாப்பாவாவது இருக்காளா என்று கேட்டாயே! ஒரு வருஷமாக மாடி மாடி என்று குத்திக் காட்டிவிட்டு, எனக்கும் ஒரு வருஷம் முன்னாலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறாயே! வீட்டுக்குப் போய் அந்தப் படிவத்தை முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று இருந்தது.

மறுபடி படித்தாள். ‘யாருமில்லை’ என்ற இடத்தில் முதலில் ஏதோ எழுதி அழித்திருந்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்தது. ‘மனைவி, மகள்’ என்று எழுதி, அது பொய் என்பதால் அடித்திருக்கிறான். பொய் எழுதத் தெரியாத மனுஷன். பயந்த மனுஷன். எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனை நாளாக வயிற்றில் நெருப்போடு சுற்றிக்கொண்டிருக்கிறானோ.

விதிப்படி, உறவினர் கோப்பு வந்தால் மேலதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் தேதி போடுவார். இளமாறனுக்கு அழைப்பு போகும். வயல் நடுவே நிற்கும் அந்த பஸ்ஸில் ஒருவர் ஏறுவார். இளமாறன் யார்? ஏறியவரை உட்காரச் சொல்லாமல், வெற்றிலையாவது மடித்துக் கொடுக்காமல் விடுவானா? ஒருவர் ஏறிவிட்டால் போதும், அப்புறம் பஸ் கிளம்பிவிடும். கூட்டம் ஏறும். அவன் எழுந்து நின்று டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிடுவான்.

அவள் அந்தப் படிவத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. கட்டின் அடியில் வைத்தாள்.

அன்று கடிகாரம் நாலரை காட்டிக்கொண்டிருந்த மாடியில், ஏட்டுக்கு எதிரே இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அலுவலகத்தில் பேசக் கூடாத பேச்சுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

“ஏட்டய்யா, நீங்க ஒரு வீட்டுக்குப் போகாமலே போனதா எழுதணும்.”

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நேர்ல பாக்காம ஒரு ரிப்போர்ட் எழுதினதில்லம்மா நான்.” பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. “பொய்தான். பட்டை வர்றதுக்கு முன்னாடியெல்லாம் டீக்கடையில உக்காந்தே எழுதினதுதான். யாரு வீடு?”

சொன்னாள். அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த பஸ்ல நீங்க இல்லையே. வருத்தமா இல்லையாம்மா?”

“இருந்துச்சு. பதினோரு மணிக்குப் படிச்சேன், ஒரு மணி வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். விடிஞ்சா நூறு பேரு இடிச்சுக்கிட்டு நிக்கற வண்டி. சில்லறை இல்லைன்னு ஒருத்தன் திட்டுவான், நிறுத்தத்துல நிறுத்தலைன்னு ஒருத்தன் திட்டுவான். வீட்டுக்கு வந்தா நாங்க. யாரும் ஏறாத வண்டி ஒண்ணு அந்த மனுஷனுக்கு வேணாமா?”

“மாட்டினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் பென்ஷன். அதுவும் போகும். உங்களுக்கு இன்னும் தகுதிகாண் பருவமே முடியல. ஏழு வருஷம் படிச்சு வாங்கின வேலை, தெரியுமில்ல?”

“தெரியும். இந்த வேலைக்காகத்தான் இந்த வீட்டைக் கொடுத்தேன்.” அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். “என்னோடது போச்சு ஐயா. உங்களோடதும் போச்சு. அவரோடதாவது இருக்கட்டுமே.”

ஏட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே கடல் அசையாமல் கிடந்தது. அவர் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவருகிட்ட சொல்லுவீங்களா?”

“மாட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சாலே நானும் அந்த பஸ்ல ஏறின மாதிரிதான்.”

மறுநாள் அவள் மேசைக்கு அறிக்கை வந்தது. ‘மேற்படி நபரின் உறக்க இருப்பிடத்தை நேரில் பார்வையிட்டேன். பேருந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆட்சேபகரமான பொருள் எதுவும் இல்லை. பேருந்து ஓடும் நிலையில் இல்லை. ஆட்சேபணை இல்லை.’ கீழே ஆரோக்கியராஜின் கையெழுத்து. சுகந்தி பதிவேட்டில் எண் போட்டாள், முத்திரை குத்தினாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் குற்றம். இனி ஒரு படிவம் நிரப்பினால் இல்லை, இல்லை, இல்லை என்று எழுத முடியாது.

இளமாறன் நிலைகொள்ளாமல் தவித்தான். தினம் சாயங்காலம் வந்ததும், “தபால் ஏதாவது வந்துச்சா?” என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வராமல் புரண்டான். போன இடத்தில் யாராவது வந்து நிற்பார்களோ என்ற பயத்தில் போகவே பயந்தான் என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு, மதியம் இரண்டு மணி. மகிழினி தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். இளமாறன் கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“உங்க ஆபீஸ்ல அந்த ஃபாரம் கொடுத்தா, விசாரணைக்கு எத்தனை நாள்ல கூப்பிடுவாங்க?”

“யாருக்கு?”

“டிப்போல ஒருத்தர் கேட்டாரு. பாவம், பயந்துகிட்டிருக்காரு.”

சுகந்தி எச்சில் தட்டுகளை அடுக்கினாள். “கொடுத்து எத்தனை நாளாச்சாம் அவருக்கு?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“ஆறு வாரத்துல கூப்பிடலைன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க. முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நிம்மதியா இருக்கச் சொல்லுங்க அவரை.”

“அப்படியா?”

“ஆமா.”

“முடிஞ்சுபோச்சா?”

“முடிஞ்சுபோச்சுங்க.”

அவன் துண்டைக் கொடியில் போட்டான். ஏதோ கேட்க வந்தவன் போல அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்து கழுவி முடித்து வந்து பார்த்தபோது, பாயை விரித்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு மாசத் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததைப் போல ஒரு தூக்கம். நெற்றிச் சுருக்கம் பிரிந்து, வாய் லேசாகத் திறந்து, கல்யாணமான புதிதில் பார்த்த முகம். எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம் காற்று வரும். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் நீர் முட்டியது.

அப்போது வாசலில் சைக்கிள் மணி. டிப்போவிலிருந்து ஆள்.

“இளமாறன் அண்ணே! மூணு மணி வண்டிக்கு ஆள் இல்லையாம். டிப்போ மேனேஜர் ஒடனே கூட்டியாரச் சொன்னாரு. இருக்காராக்கா?”

சுகந்தி வாசலுக்கு வந்து கதவைப் பின்னால் ஒருக்களித்துக்கொண்டாள்.

“இல்லையேப்பா. வெளியூர் போயிருக்காரு.”

“எப்ப வருவாருங்கக்கா?”

“சொல்ல முடியாது. ரொம்ப நாள் கழிச்சுப் போயிருக்காரு, இருந்துட்டுத்தான் வருவாரு.”

சைக்கிள் தெருமுனை திரும்பியது. “அப்பா உள்ளதானம்மா தூங்கறாரு?” என்று மகிழினி தாயக்கட்டையும் கையுமாகக் கேட்டாள்.

சுகந்தி அவள் வாயைப் பொத்தி, வெளியே அழைத்துக்கொண்டு வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.